பாட்டில் வரும் ஒருத்தி

ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்களுக்கு வழியில் நடக்கிற எதுவும் வீண் போவதில்லை. வண்டி கவிழ்ந்தாலும் பாட்டு, மழையில் மாட்டிக்கொண்டாலும் பாட்டு. கேட்கிற நமக்கு அது பாடுகிறவர்கள் பட்ட பாடாகத்தான் வந்து சேர்கிறது. உண்மையில் அது யார் பட்ட பாடு என்று கேட்டால்தான் சிக்கல்.

கித்தார் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் ஒரு மெட்டு உண்டு. டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. 1971 டிசம்பரில் அந்தக் குழு இசைத்தட்டுப் பதிவுக்காகச் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரை நகரமான மோந்த்ரோவுக்குப் போயிருந்தது. அங்கிருந்த கேளிக்கை அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். அதற்கு முன், டிசம்பர் 4 அன்று, அதே அரங்கில் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ வெளிச்சக் குண்டு சுடும் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்து வெடிக்க, அரங்கம் முழுவதும் எரிந்து போனது. உயிர்ச்சேதம் இல்லை. ஜாப்பா குழுவின் கருவிகள் சாம்பலாயின. ஏரிமேல் புகை பரவுவதை டீப் பர்ப்பிள் குழுவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கம் கலையும்போது அந்தத் தலைப்பு தன் வாயில் வந்ததாக பேஸ் கித்தார் வாசித்த ரோஜர் குளோவர் சொல்லியிருக்கிறார்.

எரிந்தது ஜாப்பாவின் கருவிகள், அந்த ஊரின் அரங்கம். பாட்டு மட்டும் டீப் பர்ப்பிளுடையது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டு ஜாப்பாவைப் பெயர் சொல்கிறது, தீக்குள்ளிருந்து பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்ட குளோத் நோப்ஸையும் பெயர் சொல்கிறது. யாருடைய இழப்பு என்பதை அது மறைக்கவில்லை. துப்பாக்கி வெடித்த ஆளுக்குத்தான் பெயர் இல்லை. அவனை ஒரு முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பயணப் பாட்டு உண்டு. அதிலும் கனவு வருகிறது. அதன் பின்னணிக் கதையில் தீயும் வருகிறது. பெயர் விடுபட்ட ஒருத்தியும் இருக்கிறாள். பாட்டுக்கு வயது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல்.

அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூர் தாண்டி வருகிறது திருவாலங்காடு. வெளியூர்க்காரர்களுக்கு ரத்தினசபை உள்ள ஊர், பக்கத்து விவசாயிகளுக்கு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர், வரலாறு படிக்கிறவர்களுக்கு ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்த ஊர். அந்தச் செப்பேடுகள் பக்கத்திலுள்ள பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் பக்கமிருந்து இந்த ஊருக்குத் திருஞானசம்பந்தர் வந்தார். தனியாக வரவில்லை. முத்துச் சிவிகை, அடியார் கூட்டம், கூடவே யாழ் வாசிக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும். அன்றைய கச்சேரிக் குழு என்றே சொல்லலாம். (மதங்கசூளாமணியார் ஊர் ஊராகப் பாடிக்கொண்டே நடந்தவர். அவர் பார்த்ததை அவர் சொல்லி ஒரு வரியும் நம்மிடம் இல்லை.)

ஊர் எல்லை வரை வந்த சம்பந்தர் உள்ளே போகவில்லை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைப்பதற்கு அஞ்சிப் பக்கத்தில் தங்கிவிட்டார் என்று ஐந்நூறு ஆண்டு கழித்துப் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். அன்றிரவு கனவில் இறைவன் வந்து, நம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்கிறான். விழித்தெழுந்து பாடினதுதான் முதல் திருமுறையில் உள்ள திருப்பழையனூர் ஆலங்காட்டுப் பதிகம். பதிகமே தூக்கத்தில் வருகிறவனைப் பற்றித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த முதல் பாட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது. வஞ்சனை செய்து ஓர் உயிரைக் கொண்டுபோன ஒருத்தி, அதைக் கேட்டு அஞ்சும் பழையனூர். அவ்வளவுதான். பிறகு பாட்டு இறைவனைப் பற்றிப் போய்விடுகிறது.

‘ஒருத்தி’ என்ற ஒரு சொல். பெயர் இல்லை, ஏன் கொன்றாள் என்பதும் இல்லை. வழிப்போக்கராக வந்த ஒருவர் அந்த ஊரில் காதில் விழுந்ததைப் பாட்டில் சேர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்த ஒருத்தியை உரைகாரர்களும் மக்களும் நீலி என்று அடையாளம் சொல்கிறார்கள். பழையனூர் நீலி. ‘நீலிக்கண்ணீர்’ என்று நம்மை நோக்கி எத்தனையோ முறை வீசப்பட்ட சொல்லுக்குள் இருக்கிறவள்.

சேக்கிழார் இந்தப் பதிகத்தைப் பற்றிச் சொல்லும்போது, பழையனூரார் தாம் சொன்ன சொல்லைக் காத்த கதையைச் சம்பந்தர் சிறப்பித்தார் என்கிறார். பாட்டில் இருப்பது ஒருத்தியின் வஞ்சனை, ஊரின் அச்சம். சேக்கிழாரிடம் அது ஊர் ஆண்களின் வாய்மையாகிவிட்டது. உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகச் சொல்லப்படும் சேக்கிழார் புராணத்தில் எழுபது வேளாளர் என்ற எண்ணிக்கையும், அவர்கள் தீக்குழியில் இறங்கியதும், நீலி என்ற பெயரும் தெளிவாக வருகின்றன. இது வேளாளர் பெருமை பேசும் இடம். மூன்று இடத்திலும் கதை ஒரே புள்ளியில்தான் தொடங்குகிறது: ஒரு பெண் வந்தாள், ஏமாற்றினாள், கொன்றாள்.

மக்கள் சொல்லும் கதை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஒருவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனதை மறைத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். ஆலங்காட்டுப் பக்கம் வரும்போது, குட்டு வெளிப்படும் என்று பயந்து அவளைக் கொன்றுவிடுகிறான். சில வடிவங்களில் துணைக்கு வந்த அவள் அண்ணனையும் கொல்கிறான். சில வடிவங்களில் கிணற்றில் தள்ளுகிறான். ஆக, இங்கே முதலில் வழியில் விபரீதப்பட்டவள் அவள்தான். புருஷனை நம்பி அறியாத ஊருக்குப் பயணப்பட்ட பெண், அந்தப் பயணத்தில் செத்தாள். அவள் பேயானாள். அவன் செத்து மறுபிறவியில் ஒரு செட்டியாகப் பிறந்தான். பேயால் ஆபத்து என்று சோதிடன் சொன்னதால் மந்திரித்த கத்தி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருந்தான். வியாபாரத்துக்காக அவன் பழையனூர் வழியே வருகிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் போய் அழுகிறாள்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். செட்டி சபை முன்னால் கதறுகிறான். இவள் என் மனைவி இல்லை, இவளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, என்னைக் கொன்றுவிடுவாள் என்கிறான். சபையார் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது அவனிடம் தவழ்ந்து போய் அப்பா என்கிறது. போதாதா? இன்று ராத்திரி இரண்டு பேரும் இந்த வீட்டில் தங்குங்கள், பேசிச் சமாதானமாகிவிடும் என்கிறார்கள். அந்தக் கத்தி இருப்பதால்தான் அவள் பயப்படுகிறாள், அதை எங்களிடம் கொடுத்துவிடு என்கிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம் என்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. காலையில் அவன் பிணம். சொன்னபடி எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். உழப் போயிருந்த ஒருவர் விஷயம் தெரிந்து கொழுமுனையிலேயே உயிரை விட்டார் என்றும் சொல்வார்கள்.

இந்தக் கதையில் செட்டியின் இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். மாற்ற ஒன்றுமே இல்லை. எனக்கு பயமா இருக்கு, அவன் என்னைக் கொன்னுடுவான் என்று அவள் சொல்வாள். குழந்தை மூஞ்சியைப் பார்த்தாவது போம்மா என்று சுற்றியிருக்கிறவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்து, சாதிச் சங்கம், பெரியப்பா வீட்டுத் திண்ணை, எங்கே என்பது முக்கியமில்லை. தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது. அந்த வீட்டில் வசிக்க உனக்கு உரிமை உண்டு, அவன் உன்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் வரை போய்ச் சேர்வதற்கு முன் ஒரு பெண் எத்தனை திண்ணைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி வண்டி ஏற வேண்டும், முதல் ஷிஃப்ட். இரண்டு பிள்ளைகள். அருவாமணையை எடுத்துக் கழுத்தில் வைத்த ராத்திரிக்கு அடுத்த நாள் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் பெரியவர்கள் கூடினார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் முடியும்போது ஒரு நிபந்தனை. அவள் கைப்பேசிதான் வீட்டுச் சண்டைக்கே காரணமாம், அதை மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். “எதுனா ஆச்சுன்னா நாங்க இருக்கோம்ல, நாங்க பொறுப்பு, நீ போ” என்றார்கள். அவள் போனாள். எட்டாம் நாள் தாடை உடைந்து, பின்பக்க வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்து, முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியிலிருந்து தன் தங்கைக்குப் பேசினாள். பொறுப்பேற்றவர்களில் ஒருவர் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். நாங்க நல்லதுக்குத்தானம்மா சொன்னோம் என்றார். பழம் வாங்கி வந்திருந்தார்.

நீலி கதையில் அச்சப்பட்டவரை அச்சப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புவது ஒரே ஒரு முறை ஓர் ஆணுக்கு நடக்கிறது. அந்த ஒரு முறையை நாம் ஆயிரம் ஆண்டாக மறக்கவில்லை. அதைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, புராணம் இருக்கிறது, பழையனூரில் தீயில் இறங்கிய எழுபது பேருக்கு நினைவிடம் இருக்கிறது. நான் அந்த எழுபது பேரைக் கேலி செய்யவில்லை. உண்மையில் அவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு, அதைச் சொல்லத் தயங்கவும் இல்லை. தங்கள் தீர்ப்பு ஓர் உயிரைப் பறித்தது என்று தெரிந்ததும், நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று அவர்கள் நழுவவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் ஏற்ற பொறுப்பு ஓர் ஆணின் உயிருக்கு. முந்தைய பிறவியில் இதே மண்ணில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது பொறுப்பேற்க யாரும் இல்லை. சபையும் கூடவில்லை.

இப்படிச் சொல்வதால் நீலியை நான் வீராங்கனையாக்கிக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மேடைகளில் அப்படிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு ஒப்பவில்லை. அவள் கொன்றது மறுபிறவி எடுத்தவனை. முற்பிறவியில் செய்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. நினைவில் இல்லாத குற்றத்துக்கு ஒருவனைத் தண்டிப்பது நீதியா? அவனோடு எழுபது குடும்பங்கள் அழிந்தன, அந்த வீடுகளிலும் பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பட்டதைச் சேர்த்தால் நீலியின் கணக்கு நேராகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. முற்பிறவி வினை என்பது நமக்குப் புதிதல்ல. புருஷன் அடிக்கிறானா, பிள்ளை இல்லையா, இளம் வயதில் தாலி போனதா, போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாயோ என்று பெண்களிடம் சொல்வது எத்தனை காலப் பழக்கம்! அப்போது அதை அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை. ஆறுதல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதே வினை ஒரே ஒரு கதையில் ஓர் ஆணைத் தேடி வந்து கதவைத் தட்டியதும் அதற்கு வஞ்சனை என்று பெயர் வந்துவிடுகிறது. பழிவாங்குவது தவறு என்பதைப் பேசலாம். அதற்கு முன், பழி எங்கே விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். கதையை நடுவிலிருந்து தொடங்குகிறவர் பொய் சொல்லாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

சம்பந்தர் அன்றிரவு அஞ்சியது எதற்கு என்பதை யோசித்தால் இது இன்னும் கூர்மையாகிறது. அந்த ஊரில் இரண்டு பேய்ப் பெண்கள். ஒருத்தி தலையால் நடந்த மண்ணை மிதிக்கக் கூடாது என்ற மரியாதை. இன்னொருத்தி செய்ததைக் கேட்டு ஊரே அஞ்சுகிறது என்ற பாட்டு. இரண்டு பேருக்கும் தொடக்கம் ஒன்றுதான், கைவிட்ட புருஷன். காரைக்காலில் புனிதவதியாக இருந்தவளை, மாம்பழ அதிசயத்தைப் பார்த்துப் பயந்துபோன பரமதத்தன், வணிகம் என்று கப்பல் ஏறிப் போய், பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தேடி வந்தவளின் காலில் பெண்டாட்டி பிள்ளையோடு விழுந்தான். அவள் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. அவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டி வாங்கிக்கொண்டாள். அவளை இறைவனே அம்மை என்றான். கணக்குக் கேட்டவள் நீலி. அவள் பெயர் கண்ணீரோடு சேர்ந்து வசவாகிவிட்டது. எந்தப் பேயைக் கும்பிடலாம், எந்தப் பேய்க்கு அஞ்ச வேண்டும் என்பதை அந்தப் பெண் பட்ட துயரம் தீர்மானிக்கவில்லை. துயரத்தை வைத்துக்கொண்டு அவள் ஆணை என்ன செய்தாள் என்பதுதான் தீர்மானித்தது. (இதே ஊரில்தான் காளி ஆட்டப்போட்டியில் தோற்றாள். சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கினான், பெண்ணாகப் பிறந்தவள் அப்படித் தூக்கக் கூடாது என்று அவள் நின்றுவிட்டாளாம். அதையும் வெற்றி தோல்வி என்றுதான் சொல்கிறார்கள்.)

ஆனால் அம்மையாரை இந்த நல்லவள் கெட்டவள் கணக்கில் அடைத்துவிட்டால் அவர் எழுதியதைப் படிக்காதவர்கள் ஆவோம். சம்பந்தருக்கு முன்னால் இந்த ஊரைப் பாடியவர் அவர். மூத்த திருப்பதிகம் என்று அதற்குப் பெயர். அவர் வழிப்போக்கர் இல்லை, அந்தச் சுடுகாட்டில் தங்கிவிட்டவர். தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அதனால்தானோ என்னவோ, அவர் பாட்டில் பேய்ப் பெண்கள் பயமுறுத்த வருவதில்லை, குடியிருக்கிறார்கள். முலை வற்றி, நரம்பு எழுந்து, கண் குழிந்த பேய். கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, கொள்ளிக்கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளும் பேய். பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போன தாய்ப்பேய். அவள் வரவைக் காணாமல் அழுதழுது தூங்கிப்போகும் பிள்ளைப்பேய். வேலைக்குப் போன அம்மா இன்னும் வரவில்லையே என்று தூங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நீலி குழந்தையாக்கினதும் கள்ளியைத்தான். அந்தக் காட்டில் வேறென்ன கிடைத்திருக்கும்? ஊரார் அதை மாயம் என்றார்கள். அங்கேயே குடியிருந்தவர் பார்த்திருந்தால் ஒருவேளை அதைப் பிள்ளை என்றே எழுதியிருப்பார்.

நீலிக்கு இன்னொரு பயணமும் உண்டு. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில், பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டுக் காளி, தனக்குப் பலி வராமல் தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியை விரட்டத் தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். விரட்ட வந்தவள் அவரிடம் தோற்று, சமணக் கொள்கையைக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மற்றச் சமயத்தாரோடு வாதம் செய்கிறாள், வெல்கிறாள். 1936இல் அ. சக்கரவர்த்தி இதை உரையோடு பதிப்பித்தார். இங்கேயும் சமண ஆசிரியர் ஒருவர் தன் சமயத்தைப் பேச அவள் வாயைக் கடன் வாங்கினார் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் இதில் பழையனூர்ப் பேய்க்குப் பயணம் இருக்கிறது, கேள்வி கேட்கும் வாய் இருக்கிறது, சபை அவள் சொல்வதைக் கேட்கிறது.

அவள் முதலில் வாதிடுவது குண்டலகேசியோடு. அவளும் புருஷனைக் கொன்றவள். தன்னை மலையிலிருந்து தள்ளக் கூட்டிப்போன கள்வனை முந்திக்கொண்டு தள்ளிவிட்டு, துறவியாகி, பௌத்தத்துக்காக வாதம் செய்யக் கிளம்பியவள். அவள் கதையை யாரும் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. அவன் என்ன செய்யப் பார்த்தான் என்பதிலிருந்துதான் சொல்கிறார்கள், அதனால் அவள் கண்ணீருக்கு வசவுப் பெயர் வரவில்லை. அந்தச் சபையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். உயிர் என்று ஒன்று நிலையாக உண்டா, இல்லையா என்று வாதம் போகிறது.